சந்தனம் பூசிய சாப்பு

பினாங்கில் பிறந்தவர்கள் ‘சாப்பு’ என்ற சொல்லை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்வதில்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தபாலில் சாப்பு விழுந்ததா, பாஸில் சாப்பு குத்தியாச்சா, சாப்பு இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாள் முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். முத்திரை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் ஊரில் முத்திரை என்றால் நாட்டியக்காரி விரலை மடக்கிக் காட்டுவது என்று நினைப்பார்கள்.

சர்க்கார் ஆபீஸில் சாப்பு குத்தியே சம்பளம் வாங்கி, சாப்பு குத்திய தாளைக் காட்டியே இப்போது பென்ஷன் வாங்குகிறவன் நான். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைக்கூட நான் நேரில் போய் நின்றால் நம்ப மாட்டார்கள். அதற்கும் ஒரு தாள், அதன்மேல் ஒரு சாப்பு. இப்படி வாழ்நாள் முழுக்கச் சோறு போட்ட ஒரு சொல் எங்கிருந்துதான் வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகு விசாரிக்கத் தொடங்கினேன். ஓய்வு பெற்றவனிடம் நேரம் நிறைய இருக்கிறது. விசாரிக்கும் பழக்கமோ உத்தியோகத்தோடு போய்விடுவதில்லை.

விசாரணை சர்க்கார் கோப்பைப் போலவே நடந்தது. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கை காட்டியது. வெள்ளைக்காரர்களைக் கேட்டால் சீனச் சொல் என்றார்கள். உயர்ந்த சரக்கை அவர்கள் ‘முதல் சாப்பு’ என்பார்கள், அது சீனத் துறைமுகங்களில் பழகிய பேச்சாம். சீனர்களைக் கேட்டால் மலாய்ச் சொல் என்றார்கள். தங்கள் கடைப் பலகைகளில் பெயருக்கு முன்னால் ‘சாப்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாலும், தங்களுக்குள் பேசும்போது அவர்கள் முத்திரையை ‘இன்’ என்றுதான் சொல்கிறார்கள். மலாய்க்காரர்களுக்கு சுல்தானின் அரச முத்திரையும் சாப்தான், தீப்பெட்டியின்மேல் இருக்கும் கோழிப் படமும் சாப்தான். ‘சாப் ஆயாம்’ என்று கேட்டால் கோழி மார்க் சாமான் கிடைக்கும். எழுதத் தெரியாதவர் விரலை மையில் ஒற்றி வைத்தால் அது ‘சாப் ஜாரி’, விரலின் சாப்பு. இத்தனை தூரம் அந்தச் சொல்லைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்த்தவர்களும்கூட, அது மேற்கே இருந்து கப்பலில் வந்ததாகத்தான் சொன்னார்கள். நம் தமிழர்களோ, அது இங்கிலீஷ் என்று சத்தியம் செய்தார்கள்.

அகராதிகளைப் புரட்டியதில் இந்துஸ்தானிக்காரர்களின் ‘சாப்’ கிடைத்தது. அழுத்துவது, பதிப்பது என்று பொருள். துணியில் மர அச்சை அழுத்திப் பூப்போடுவதும் அதுதான், தாளில் புத்தகம் அச்சடிப்பதும் அதுதான். நம் பக்கத்திலும் அது ‘சாப்பா’ என்ற பெயரில் நெடுநாளாக இருந்திருக்கிறது. களத்தில் குவித்த நெல்லை இரவில் யாரும் அள்ளிவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு குறி பதிப்பார்களே, அதற்குப் பெயர் சாப்பா. துணி மூட்டைகளோடு அந்தச் சொல்லும் நாகப்பட்டினத்திலிருந்தோ வேறு எங்கிருந்தோ கப்பல் ஏறி இங்கே இறங்கியிருக்கலாம். இது என் ஊகம். இதில் சாப்பு விழவில்லை.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாப்புக்காக ஒரு மனிதர் என் வீட்டு வாசலில் வந்து நின்ற நாள் நினைவுக்கு வந்தது. 1914இல் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆபீஸில் மூத்த கிராணி. கிராணி என்றால் எழுத்தர். அந்தச் சொல்லுக்கும் ஒரு வம்சாவளி உண்டு, அதை இன்னொரு மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறேன். கப்பல் ஏறிப் போகிறவர்கள் அம்மை குத்திக்கொண்டார்களா என்று பார்த்து, டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டில் சாப்பு குத்திக் கொடுப்பது எங்கள் வேலை. கையெழுத்து இருந்து சாப்பு இல்லையென்றால் அந்தச் சீட்டு வெறும் தாள். சாப்பு இருந்து கையெழுத்து இல்லையென்றால் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சாப்பு பித்தளையில் வார்த்தது. மரக் கைப்பிடி, அடியில் கிரீடம், அதைச் சுற்றி எழுத்துகள். ஆபீஸ் சனிக்கிழமை மத்தியானத்தோடு மூடிவிடும். எங்கள் துரை அலமாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டோலியில் கொடிமலை ஏறிவிடுவார். திங்கட்கிழமை வரை அங்கே குளிர் காற்று வாங்குவார். விதி என்ன சொன்னதென்றால், விடுமுறையில் சாப்பு மூத்த கிராணியின் நேரடிப் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் உள்பையில் வைத்து, டிராம் ஏறி டத்தோ கிராமாட்டில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். மையைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மைப்பெட்டி ஆபீஸ் அலமாரியிலேயே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. வெயிலில் வந்த களைப்பில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்தவன், சாம்பிராணி வாசனையில் எழுந்தேன். கூடத்தில் என் மனைவி பூஜையை முடித்திருந்தாள். மணையின்மேல் புத்தகங்கள், அவளுடைய கத்தரிக்கோல், தையல் மிஷினின் கைப்பிடி, அரிவாள்மணை, என் பேனா. எல்லாவற்றுக்கும் நடுவில், தலைக்கு ஒரு செவ்வரளியோடு, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது மாட்சிமை தங்கிய மன்னரின் சாப்பு.

“என்ன இது?” என்றேன்.

“ஆயுத பூஜை.”

“அது சர்க்கார் சாப்பு.”

“தெரியும். கிரீடம் போட்டிருக்கே.”

“பேனாவ வச்சா போதாதா?”

“பேனாவும்தான் இருக்கு, பாருங்க. நீங்க எழுதுறத யாரு மதிக்கிறா? சாப்பு விழுந்தாத்தானே மதிக்கிறாங்க. அப்ப உங்க ஆயுதம் எது, சொல்லுங்க.”

ஆபீஸில் என் மேலதிகாரிகள் யாரும் என் உத்தியோகத்தை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டதில்லை. திங்கட்கிழமை காலையில்தானே வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விழுந்து கும்பிட்டு, கொஞ்சம் சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. இறங்கியவர் நானா. தமிழ் முஸ்லிம்களில் மூத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மூங்கில் கழியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் மீன் குழம்பும் தொங்க, தோளில் சுமந்துகொண்டு தினமும் துறைமுகத்துக்கு வருவார். கூலிகளும் கிராணிகளும் ஒரே பானையில்தான் சாப்பிட்டோம். அவர் அந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வருஷத்துக் கடைசிக் கப்பல் அது. கூடவே அவருடைய மருமகனும் இறங்கினான். சுங்கை பாக்காப்பில் கடை வைத்திருந்தவன், மாமனாரை வழியனுப்ப அக்கரையிலிருந்து வந்திருந்தான்.

“தம்பி, பழுத்துருச்சு! பாருங்க, நல்லாப் பழுத்துருச்சு!” என்று நானா சட்டைக்கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டினார். முதல் தடவை குத்திய அம்மைப்பால் அவருக்குப் பழுக்கவில்லை. மறுபடி குத்தி, அது பழுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டாக்டர் கையெழுத்துப் போடுவார். அந்த மத்தியானம் டாக்டர் வேறொரு கப்பலுக்குப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை நானா படியிலேயே உட்கார்ந்திருந்து கையெழுத்தை வாங்கியிருக்கிறார். அதற்குள் எங்கள் ஆபீஸ் மூடியாகிவிட்டது.

“சாப்பா மட்டும்தான் பாக்கி. இந்தா, ஒரு குத்து. போயிருவோம்.”

அவர் ராமநாதபுரத்துப் பக்கம் பிறந்தவர், அதனால் சாப்பா என்பார். நான் கூடத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பூவும் பொட்டுமாக இருந்ததை அவர் முதலில் சிலை என்றே நினைத்திருக்க வேண்டும். கைப்பிடியைப் பார்த்ததும்தான் புரிந்தது.

“அல்லாவே! அதுவா?”

என் மனைவி முன்னால் வந்தாள். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பூஜையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. விடிஞ்சு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்.”

“எடுத்தா என்னா ஆவும் தங்கச்சி?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்த சாப்பு குத்துன பேப்பர எடுத்துக்கிட்டுக் கடல்ல போறது நீங்க.”

செங்கடலில் நோய்க்குப் பயந்து ஆட்களை அடைத்து வைக்கும் காமரான் தீவின் தனிமைக் கொட்டகையிலிருந்து கொள்ளைக்காரர்கள்வரை, போகிற வழியில் இருக்கும் ஆபத்துகளை ஆச்சின் ஸ்ட்ரீட்டில் ஹாஜிமார்கள் நானாவுக்கு ஏற்கெனவே வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

மருமகன் அவர் காதருகில் குனிந்தான். ரகசியம் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினான். “மாமா, நாளைக்கு எடுத்தாலும் அது சாமிக்கு முன்னால வச்ச சாப்புலா. ஹஜ்ஜுக்குப் போற பேப்பர்ல அதக் குத்துறதா?”

“ஏன்டா, அது பித்தளைடா. இத்தன நாளா துரை எந்தக் கையால தின்னுட்டு, எந்தக் கையால அதப் புடிச்சாருன்னு கேட்டியா நீ? அந்த சாப்பாதான் அம்புட்டு ஹாஜியாரு பேப்பர்லயும் விழுந்திருக்கு.”

“இல்ல மாமா, சந்தனமெல்லாம் பூசி...”

“நாகூரார் கந்தூரிக்கு நாம பூசலியா சந்தனம்? போடா.” பிறகு என்னைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. “தம்பி, ஊரு பூரா மாப்புக் கேட்டு முடிச்சுட்டேன். சண்ட போட்டவன், சோறு நல்லால்லன்னு திட்டுனவன், ஒருத்தன் பாக்கியில்ல. எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுது அனுப்பி வச்சாச்சு. நாளைக்குக் கப்பல் போயி, நாளானிக்கி நான் கழியத் தூக்கிக்கிட்டுத் துறைமுகத்துக்கு வந்தா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சோறு விப்பேன்? அடுத்த வருசம் இந்த உடம்பு தாங்குமோ, தாங்காதோ.”

சிரிப்பு வரும்படி ஆரம்பித்த பேச்சு அது. முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் பிழை பொறுக்கச் சொல்லி விடைபெறுவார். அது இறந்துபோகப் போகிறவன் விடைபெறுவது போன்றது. அப்படி விடைபெற்றுவிட்டு மறுநாள் அதே தெருவில் நடமாடுவது எத்தனை சங்கடம் என்று எனக்கும் புரிந்தது.

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. அதை இவர்களிடம் சொல்லிப் பயனில்லை. வீட்டில் வைத்து சாப்பு குத்தக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அலுவல் நேரத்தில், துறைமுக எல்லைக்குள் மட்டுமே குத்தலாம். சனிக்கிழமை மாலை அலுவல் நேரமே அல்ல. என் மனைவி அந்த நிமிஷமே பூஜையைக் கலைத்து சாப்பைக் கொடுத்திருந்தாலும் என்னால் குத்தியிருக்க முடியாது. மனப்பாடமாக இருந்த விதிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். புறப்படவிருக்கும் கப்பலைப் பொறுத்தவரை, அதில் சரக்கையோ ஆட்களையோ ஏற்றும் நேரம் முழுவதும் அலுவல் நேரமே என்று ஓரிடத்தில் இருந்தது. வெள்ளைக்கார வியாபாரிகள் ஞாயிற்றுக்கிழமையும் சரக்கேற்ற வேண்டுமென்று கேட்டுப் போட்டுக்கொண்ட விதி. அதில் சோற்றுப் பானை நானாவும் ஏறிக்கொள்ளலாம்.

“காலையில எத்தன மணிக்கு ஏத்த ஆரம்பிப்பாங்க?” என்றேன்.

“சுபுஹு தொழுகை முடிஞ்சதும் சம்பான் படகுல ஏறணும். வெயில் ஏறுறதுக்குள்ள நங்கூரத்த எடுத்துருவானாம்.”

“அப்ப சரி. நாளைக்குக் காலையில துறைமுகத்துலயே குத்திடலாம். விதி இருக்கு.”

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் என் மனைவி. விதியை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. “அண்ணே, மறுபூஜை முடிஞ்சு ஆயுதத்த எடுத்தா சும்மா வைக்கக் கூடாது. விஜயதசமிக்கு எடுத்த கையோட ஒரு நல்ல காரியம் செய்யணும். இவரு திங்கக்கிழமை போயி எவனோ ஒரு வெள்ளக்காரன் பேப்பர்லதான் குத்தியிருப்பாரு. இப்ப நீங்க வந்துட்டீங்க. முதல் சாப்பு உங்களுக்குத்தான். இருட்டோட வாங்க.”

“சரி தங்கச்சி,” என்று சொல்லி நானா ரிக்‌ஷாவில் ஏறினார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே மாமனாரும் மருமகனும் எங்கள் வீட்டு அஞ்சடியில், அதாவது கூரை போட்ட வாசல் நடையில், நின்றார்கள். மூட்டைகளை முதலிலேயே துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். நானா வெள்ளை உடையில், புதுத் தொப்பியோடு இருந்தார். உள்ளே என் மனைவி நிதானமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிதானம் எனக்குப் பழகியது. மருமகனுக்குப் பழகவில்லை. அஞ்சடியில் இங்கும் அங்குமாக நடந்தான். ஒவ்வொரு தடவையும் வாசலைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தான். கடைசியில் நானாவே குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, சாமி எந்திரிச்சிருச்சா?”

“பல்லு வெளக்குது, அண்ணே. இருங்க.”

கற்பூரம் காட்டி, மணையை வடக்கே கொஞ்சம் நகர்த்தி, பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாப்பை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். சந்தனத்தை அவள் சாப்பின் தலையில் மட்டும் வைக்கவில்லை. நல்ல மனசு நிறைய, அடியிலும் அப்பியிருந்தாள். இரவில் காய்ந்து, கிரீடத்தின் இடுக்குகளிலும் எழுத்துகளின் வளைவுகளிலும் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. மன்னருடைய பேரைக் காணோம்.

“அடியில எதுக்குப் பூசுன?”

“குத்துறது அடியாலதானே?”

ஈர்க்குச்சியை ஒடித்து, ரிக்‌ஷாவில் போகும்போதே கிளற ஆரம்பித்தேன். நானா என்னோடு, மருமகன் பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில். மாகசின் ரோடு வருவதற்குள் கிரீடம் தெரிந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பீச் ஸ்ட்ரீட் திரும்பும்போதுதான் எனக்கு மை ஞாபகம் வந்தது. மைப்பெட்டி அலமாரியில். சாவி கொடிமலையில், துரையின் சட்டைப்பையில்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வியர்த்த வியர்வையிலேயே சாப்பு குத்தியிருக்கலாம். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“என்ன தம்பி, நிறுத்தச் சொல்றீங்க?” என்றார் நானா.

“மை இல்ல.”

அவர் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஓத ஆரம்பித்தார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சற்று சுலபமாக இருந்திருக்கும்.

துறைமுகத்தை நோக்கி இருந்த கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒன்றில் மட்டும், கருவாடு விற்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அரைக்கால் சட்டையோடு பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். கடைப் பலகையில் பெயருக்கு முன்னால் ‘சாப்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. சாப்பு உள்ளவனிடம் மை இல்லாமல் போகாது. இறங்கி ஓடி, எனக்குத் தெரிந்த மலாயில் சாப்பு மை கேட்டேன்.

“மேரா சாஜா,” என்றார். சிவப்பு மட்டும்தான்.

சீனர்களின் சாப்பு மை பசைபோல இருக்கும், ரத்தச் சிவப்பாக, பீங்கான் சிமிழுக்குள். எங்கள் ஆபீஸ் மை ஊதா. ஆனால் விதியில் எங்காவது நிறம் குறிப்பிட்டிருக்கிறதா? இல்லை. அலுவலகத்தில் சிவப்பு மையால் எழுதுவது துரையின் உரிமை, அது நிஜம். ஆனால் அது எழுதுவதைப் பற்றிய விதி. குத்துவதைப் பற்றியது அல்ல. இடம்? அந்தக் கடை துறைமுக எல்லைக் கல்லுக்கு உள்பக்கம்தான். நேரம்? சம்பான்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தினேன். சீட்டு ஒன்றே ஒன்று. அதில் தப்பாக விழுந்தால் டாக்டரை மறுபடி பிடித்து வேறு சீட்டு வாங்க வேண்டும். அதற்குள் கப்பல் கடல் நடுவில் இருக்கும்.

தவுக்கே என் கையைப் பார்த்தார். சாப்பைப் பார்த்தார். முகர்ந்துவிட்டுச் சிரித்தார். பிறகு கருவாடு சுற்றும் தாள் ஒன்றை எடுத்துக் கல்லாப் பலகைமேல் விரித்தார். முதல் குத்தில் கிரீடம் அப்பளமாக விழுந்தது. ஈர்க்குச்சியால் இன்னும் கிளறி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி குத்தினேன். சுற்றிலும் எழுத்து, நடுவில் கிரீடம், ஒரு குறையும் இல்லை. என் மனைவி இரவெல்லாம் காத்து வைத்திருந்த அந்த முதல் சாப்பு கருவாட்டுத் தாளுக்குப் போய்விட்டதே என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. ஒத்திகை கணக்கில் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, நானாவின் சீட்டை விரித்து, மூச்சைப் பிடித்துக் குத்தினேன்.

விழுந்தது. என் உத்தியோக காலத்தில் அவ்வளவு அழகாக ஒரு சாப்பு விழுந்ததில்லை.

இதைப் பிற்காலத்தில் சிலரிடம் சொன்னபோது, இந்துவும் முஸ்லிமும் சீனரும் சேர்ந்து குத்திய சாப்பு என்று கண் கலங்கினார்கள். அப்படியெல்லாம் எங்களுக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை. எங்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தவுக்கேயும் தன் மைச் சிமிழில் சந்தனத் துகள் கலந்துவிட்டதை அப்போதுதான் கவனித்து, சீன மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அது வாழ்த்து அல்ல என்று நிச்சயமாகச் சொல்வேன்.

படித்துறையின் முனையில் மேசை போட்டு, கப்பல் கம்பெனிக் கிராணி சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னோடு பாதிரியார் பள்ளியில் படித்தவர், தமிழ்க் கத்தோலிக்கர். தெரிந்தவர் என்பதால் எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் அவருக்கும் எல்லா விதியும் தெரியும். நானாவின் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தருகே கொண்டுபோனார்.

“என்னய்யா இது, சந்தனம் மணக்குது?”

“மணக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?”

“நெறம் சிவப்பா இருக்கு.”

“ஊதான்னு எங்க போட்டிருக்கு, சொல்லும்.”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். மனதுக்குள் பக்கங்களைப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நானா இரண்டு கைகளையும் தொப்பிமேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார், தொப்பி பறந்துவிடும் என்பதுபோல. மருமகன் தரையைப் பார்த்தான்.

“இல்லதான்,” என்றார் கடைசியில். “குத்துன எடம்?”

“எல்லைக் கல்லுக்கு உள்ள.”

“நேரம்?”

“நீர் ஆளு ஏத்திக்கிட்டு இருக்கிற நேரம்.”

“கையெழுத்து டாக்டரோடதுதான். எனக்குத் தெரியும்.” தன்னுடைய ஊதா சாப்பை எடுத்து, என் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு குத்துக் குத்தினார். “போங்க ஹாஜியாரே. அடுத்த ஆளு.”

இன்னும் போகவில்லை, அதற்குள் ஹாஜியார். நானா சீட்டை வாங்கி மடிக்கவில்லை, ஈரம் காயட்டும் என்று விரித்தபடியே பிடித்துக்கொண்டு படி இறங்கினார். இன்னொரு கையை நான் பிடித்து சம்பானில் ஏற்றினேன். என் மனைவி கொடுத்தனுப்பிய சுண்டல் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தேன். பேசிக்கொள்ள நேரம் இருக்கவில்லை. துடுப்புப் போட்டாகிவிட்டது.

கத்தோலிக்க நண்பருக்கும் எனக்கும் அந்தச் சாப்பு பற்றிப் பல வருஷம் வாக்குவாதம் நடந்தது. விதியைப் பற்றி அல்ல, சொல்லைப் பற்றி. அது போர்த்துகீசியரின் ‘சாப்பா’விலிருந்து வந்ததென்று அவர் சாதிப்பார். உலோகத் தகடு என்று பொருளாம், மலாக்காவில் அவர்கள்தான் முதலில் கொண்டுவந்தார்களாம். போர்த்துகீசியர் அதை நம்மவரிடம் கற்றார்களா, நம்மவர் அவர்களிடம் கற்றார்களா என்று நான் கேட்பேன். இருவரும் பென்ஷன் வாங்கியும் முடிவாகவில்லை. நானா ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார், கறுத்து, மெலிந்து, முழு ஹாஜியாராக. மறுபடியும் கழியைத் தூக்கினார். குழம்பில் உப்பு சற்றுக் கூடியிருந்தது என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஆனால் அன்று காலை அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சம்பான் கப்பலருகே போய்ச் சேர்வதையும், வெள்ளை உடைகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டு ஏணியில் ஏறுவதையும் நானும் மருமகனும் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் வெள்ளை, எது நானா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. ஒருவர் மட்டும் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு தாளை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி ஏறினார். மேலே போனதும் அந்தத் தாள் மறைந்தது.

“ஏறிட்டாருலா,” என்றான் மருமகன். “அண்ணே, ஏறிட்டாரு!” என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். நேற்று மாலை சந்தனத்துக்குத் தயங்கிய கை அது. என் கையிலிருந்த சிவப்பு அவன் கையிலும் ஒட்டியது. அவன் கவனிக்கவில்லை. நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, அவன் அக்கரைக்குப் போகும் பெரிப் படகைப் பிடிக்கப் போனான். நான் டிராமில் ஏறி உட்கார்ந்து, டத்தோ கிராமாட்டுக்கு டிக்கெட் வாங்கினேன்.

காற்று முகத்தில் அடித்தது. இறங்க வேண்டிய இடத்தை ஒருநாளும் தவறவிடாதவன் நான். யாரோ தோளைத் தட்டி, “அண்ணே, ஆயர் ஈத்தாம், கடைசி எடம். இதுக்கு மேல மலைதான்,” என்றபோதுதான் விழித்தேன். கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். டிராமில் வேறு யாரும் இல்லை. கூடுதல் தூரத்துக்குத் தனிக் கட்டணம் என்பது விதி. அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் போவதற்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் உட்கார்ந்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.